கோமாளியை வீட்டுக்கு அனுப்பியாச்சு... அவர் வேலையை இப்போ யார் பார்க்கிறாங்க?

2023 ஜூன் மாதம். ரீல்ஸ் பார்க்கிற பழக்கம் உங்களுக்கு உண்டு என்றால் இது கண்ணில் படாமல் போயிருக்காது. ஒரு பையன் கையில் ஊதா நிற மில்க்‌ஷேக். கேமராவைப் பார்த்து, "ஹேப்பி பர்த்டே கிரிமேஸ்" என்கிறான். ஒரு வாய் உறிஞ்சுகிறான். அடுத்த ஷாட்டில் தரையில் கிடக்கிறான். வாயெல்லாம் ஊதா, சட்டையெல்லாம் ஊதா. பின்னணியில் பேய்ப்பட மியூசிக். வீடியோ அவ்வளவுதான்.

இதே மாதிரி ஆயிரக்கணக்கில் வந்தன. நம்ம ஊரில் டிக்டாக் 2020-லேயே தடையாகிவிட்டது. ஆனாலும் இன்ஸ்டா வழியாக, யூடியூப் ஷார்ட்ஸ் வழியாக எல்லாம் நமக்கும் வந்து சேர்ந்தன. அந்த ஷேக் அப்போது விற்றது அமெரிக்காவில். இங்கே இருந்துகொண்டு நாம் ஒரு சொட்டு குடித்ததில்லை. ஆனாலும் சிரித்தோம், ஷேர் பண்ணினோம். நானும் பண்ணினேன், குடும்ப வாட்ஸ்அப் குரூப்பில்.

இப்போ கொஞ்சம் நின்னு யோசிச்சுப் பாருங்க. நாம் ஷேர் பண்ணியது ஒரு பர்கர் கடையின் புது ஐட்டம். அந்த வீடியோவில் நடித்தவர், எடுத்தவர், எடிட் பண்ணியவர், பரப்பியவர் என யாருக்கும் மெக்டொனால்ட்ஸ் சம்பளம் தரவில்லை. ஒரு காலத்தில் இந்த வேலைக்கென்றே அந்தக் கம்பெனி ஒரு ஆளை வைத்திருந்தது. சிவப்பு முடி, வெள்ளை பூசிய முகம், மஞ்சள் டிரஸ், பெரிய சிவப்பு ஷூ. ரொனால்ட் மெக்டொனால்ட். அந்தக் கோமாளியைக் கடைசியாக எந்த விளம்பரத்தில் பார்த்தீங்க? ஞாபகம் வரலை இல்ல?

அவர் எங்கே போனார் என்பதும், அந்த ஊதா உருவம் எப்படி வந்தது என்பதும் ஒரே கதைதான்.

மூக்கு ஒரு பேப்பர் கப்

கதை தொடங்குவது வாஷிங்டன் டி.சி-யில். 1960 வாக்கில் அங்கே உள்ளூர் டி.வி-யில் 'போஸோ' என்றொரு கோமாளி நிகழ்ச்சி. வேஷம் கட்டியவர் வில்லார்ட் ஸ்காட். பிற்பாடு என்.பி.சி-யின் 'டுடே' நிகழ்ச்சியில் வானிலை சொல்லி அமெரிக்கா முழுக்கப் பிரபலமானவர். அந்த ஊரில் மெக்டொனால்ட்ஸ் கடைகளை நடத்தியவர்கள் போஸோவைக் கடைக்குக் கூட்டி வந்தார்கள். குழந்தைகள் கூட்டம் அலைமோதியது. குழந்தை வந்தால் அப்பா, அம்மா, சில சமயம் தாத்தாவும் வருவார். ஒரு கோமாளிக்குச் செலவு பண்ணினால் நாலு பர்கர் விற்கும்.

அந்த நிகழ்ச்சி நின்றுபோனது. கடைக்காரர்களுக்குக் கோமாளியை விட மனசில்லை. அதே ஸ்காட்டை வைத்து 1963-ல் சொந்தமாக ஒரு கோமாளியை உருவாக்கினார்கள். முதல் ரொனால்டைப் பார்த்தால் இப்போது பயமாகத்தான் இருக்கும். மூக்குக்குப் பதில் பேப்பர் கப். தலையில் தொப்பிக்குப் பதில் ஒரு ட்ரே, அதன்மேல் பர்கர், ஃப்ரைஸ், கூல்டிரிங்க். ஆளே நடமாடும் மெனு கார்டு.

வாஷிங்டனில் ஹிட்டானதும், நாடு முழுக்கக் கொண்டுபோகத் தலைமை அலுவலகம் முடிவு செய்தது. ஆனால் ஸ்காட்டை வேண்டாம் என்றுவிட்டது. ஏன் தெரியுமா? ஸ்காட் பிற்பாடு சொன்ன காரணம், அவர் குண்டாக இருந்தாராம். பர்கர் விற்கிற கோமாளி பர்கர் சாப்பிட்டவர் மாதிரி தெரியக் கூடாது. அறுபது வருஷமாக நடக்கிற சண்டை மொத்தமும் இந்த ஒரு விஷயத்திலேயே இருக்கிறது என்று எனக்குத் தோன்றும்.

மாஸ்கட் என்றால் ஒரு பிராண்டின் முகமாக நிற்கும் உருவம். கம்பெனிகளுக்கு இதில் என்ன லாபம் என்றால், மனுஷனை முகமாக வைத்தால் அவர் வாயைத் திறந்து பேசுவார். கே.எஃப்.சி-யின் தாடிக்காரத் தாத்தா நிஜ ஆள், கர்னல் சாண்டர்ஸ். 1964-ல் கம்பெனியை 20 லட்சம் டாலருக்கு விற்ற பிறகும் முகமாகத் தொடர்ந்தார். ஆனால் 1970-களில் பத்திரிகைக்காரரிடம், அவங்க கிரேவி சுவரில் காகிதம் ஒட்டுகிற பசை மாதிரி இருக்கு என்கிற ரேஞ்சில் திட்டித் தீர்த்துவிட்டார். கடை நடத்தியவர்கள் கேஸ் போட்டு, அதிலும் தோற்றார்கள். கோமாளிக்கு இந்தப் பிரச்னையே இல்லை. வேஷத்துக்குள் இருக்கிற ஆள் மாறிக்கொண்டே இருப்பார், முகம் மாறாது.

அதிலும் ஒரு விதிவிலக்கு உண்டு. 1980-களின் தொடக்கத்தில் கனடாவில் ரொனால்டாக வேஷம் கட்டியவர் ஜெஃப்ரி ஜூலியானோ. பிறகு அவர் சைவத்துக்கு மாறி, குழந்தைகளை ஏமாற்றிய வேலையைச் செய்துவிட்டேன் என்று வெளிப்படையாக மன்னிப்பு கேட்டார். அவரை நீங்கள் பார்த்திருக்கீங்க. 2021-ல் 'ஸ்க்விட் கேம்' தொடரில் முகமூடி போட்டு வந்த பணக்கார வி.ஐ.பி-க்களில் ஒருத்தர் அவர்தான்.

பர்கரைப் பற்றிப் பேசாத விளம்பரம்

ரொனால்டின் உண்மையான வெற்றி 1971-ல் தொடங்கியது. அந்த வருஷம் விளம்பர ஏஜென்சி 'மெக்டொனால்ட்லேண்ட்' என்றொரு கற்பனை உலகத்தையே கட்டியது. பர்கர் தலை கொண்ட மேயர், பர்கர் திருடும் 'ஹாம்பர்க்ளர்', பேசும் மரங்கள். இந்த உலகம் 'ஹெச்.ஆர். பஃப்ன்ஸ்டஃப்' என்ற டி.வி தொடரைக் காப்பியடித்தது என்று அதைத் தயாரித்த கிராஃப்ட் சகோதரர்கள் வழக்குப் போட்டு ஜெயித்தார்கள். அமெரிக்கக் காப்புரிமைச் சட்டம் படிக்கிற மாணவர்களுக்கு இன்றைக்கும் அது ஒரு பாடம்.

நம்ம ஊதா ஆள் கிரிமேஸ் பிறந்ததும் அப்போதுதான். முதலில் அவன் வில்லன். பேரே 'ஈவில் கிரிமேஸ்'. நாலு கை, மில்க்‌ஷேக் திருடுவது தொழில். அது எடுபடவில்லை. உடனே இரண்டு கையை எடுத்துவிட்டு, கெட்டவனை அசட்டு நண்பனாக மாற்றிவிட்டார்கள்.

அந்த விளம்பரங்களில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. பர்கரின் ருசி, விலை, அளவு பற்றிப் பேச்சு குறைவு. அவை குட்டிக் குட்டிக் கதைகள். முடிவில் ஒரு நண்பன் கிடைப்பான். மூன்று வயதுக் குழந்தைக்கு விலை புரியாது, விளம்பரம் என்றால் என்ன என்றே புரியாது. நண்பன் புரியும். எட்டு வயதுக்குக் கீழே உள்ள குழந்தைகளால் விளம்பரத்தின் உள்நோக்கத்தைப் பிரித்தறிய முடியாது என்று அமெரிக்க உளவியல் சங்கத்தின் நிபுணர் குழு 2004-ல் சொன்னது. "இவர் என்கிட்ட எதையோ விற்கப் பார்க்கிறார்" என்ற எண்ணமே அந்த வயதில் வராது. நீங்களும் நானும் விளம்பரம் பார்க்கும்போது உள்ளுக்குள் ஒரு கதவைச் சாத்திக்கொள்கிறோம் அல்லவா? குழந்தைக்கு அந்தக் கதவே இன்னும் வைக்கப்படவில்லை.

இது நாக்கு வரைக்கும் போகிறது. 2007-ல் ஸ்டான்ஃபோர்டு ஆய்வாளர்கள் 3 முதல் 5 வயது வரையிலான 63 குழந்தைகளுக்கு ஒரே உணவை இரண்டு விதமாகக் கொடுத்தார்கள். ஒன்று மெக்டொனால்ட்ஸ் பேப்பரில் சுற்றியது, இன்னொன்று வெறும் பேப்பரில். மெக்டொனால்ட்ஸ் பேப்பரில் இருந்ததுதான் ருசி என்று பெரும்பாலும் சொன்னார்கள். பாலும் கேரட்டும்கூட! கடையில் வாங்கிய சாதாரண கேரட் அது. 2010-ல் வெளியான இன்னொரு ஆய்வில் 4 முதல் 6 வயது வரை 40 குழந்தைகள். பாக்கெட்டில் ஷ்ரெக், டோரா படம் ஒட்டியிருந்தால் அந்த பிஸ்கெட்தான் டேஸ்ட் என்றார்கள். ஆனால் கேரட் விஷயத்தில் அந்த மாயம் அவ்வளவாக வேலை செய்யவில்லை. "அப்போ காய்கறிக்கும் கார்ட்டூன் ஒட்டலாமே" என்பவர்களுக்கு இது கொஞ்சம் சங்கடமான முடிவு.

ரொனால்ட் எவ்வளவு தூரம் போனார்? எரிக் ஷ்லோசர் 2001-ல் எழுதிய 'ஃபாஸ்ட் ஃபுட் நேஷன்' புத்தகம் ஒரு கணக்கு தருகிறது. அமெரிக்கப் பள்ளிக் குழந்தைகளில் 96 சதவிகிதம் பேருக்கு ரொனால்டை அடையாளம் தெரியும். கற்பனைப் பாத்திரங்களில் அவரை முந்தியது கிறிஸ்துமஸ் தாத்தா மட்டும்தான்.

அமெரிக்காவுக்கு வெளியே ஊருக்கு ஒரு வேஷம். ஜப்பானில் உச்சரிக்க வசதியாக 'டொனால்ட் மெக்டொனால்ட்'. தாய்லாந்துக் கடை வாசலில் இரண்டு கையும் கூப்பி வணக்கம் சொல்லும் சிலை. சீனாவில் அவர் 'மெக்டொனால்ட் அங்கிள்'. 1990-களில் பீஜிங் கடைகளில் 'மெக்டொனால்ட் ஆன்ட்டி' என்றே பெண் ஊழியர்களை வைத்து, வருகிற குழந்தைகளிடம் பெயர் கேட்டு, பேச்சுக் கொடுத்து, பிறந்தநாளைக் குறித்துவைத்துக்கொண்டார்கள். கடைக்காரர் உறவுக்காரர் ஆகிவிட்டால் பில்லைப் பார்த்து யார் கோபப்படுவார்? நம்ம ஊர் அண்ணாச்சி கடைக்குத் தெரியாத வித்தையா இது!

திட்ட முடியாத இடத்தில் ஒரு பெயர்

இந்த இடத்தில் கோமாளியை மொத்தமாக வில்லனாக்கிவிட்டுப் போவது ஈஸி. எனக்கு அது முடியவில்லை. காரணம், ஃபிலடெல்ஃபியாவில் இருக்கிற ஒரு வீடு.

1970-களின் தொடக்கம். அந்த ஊர் 'ஈகிள்ஸ்' ஃபுட்பால் டீமின் வீரர் ஃப்ரெட் ஹில்லின் மகளுக்கு ரத்தப் புற்றுநோய். ஆஸ்பத்திரியில் மகள் படுத்திருக்க, அப்பாவும் அம்மாவும் வராந்தா நாற்காலிகளில் தூங்கி, மெஷினில் காசு போட்டு வாங்கியதைச் சாப்பிட்டு நாள்களை ஓட்டினார்கள். சுற்றிப் பார்த்தால் எல்லாப் பெற்றோரும் அப்படித்தான். பெரியாஸ்பத்திரி வாசலில் பாயை விரித்துப் படுத்திருக்கிற குடும்பங்களைப் பார்த்திருக்கும் நமக்கு இதை விளக்கத் தேவையில்லை. ஆட்ரி எவன்ஸ் என்ற குழந்தைப் புற்றுநோய் மருத்துவர், வெளியூர்ப் பெற்றோர் தங்க ஒரு வீடு வேண்டும் என்று கேட்டுக்கொண்டிருந்தார். ஈகிள்ஸ் டீம் பணம் திரட்டியது. உள்ளூர் மெக்டொனால்ட்ஸ் கடைகள் பச்சை நிற 'ஷாம்ராக் ஷேக்' விற்ற பணத்தைக் கொடுத்தன. பதிலுக்கு வீட்டுக்குப் பெயர் வைத்துக்கொண்டன. 1974-ல் முதல் 'ரொனால்ட் மெக்டொனால்ட் ஹவுஸ்' திறந்தது. இன்று அந்தத் தொண்டு அமைப்பு 60-க்கும் மேற்பட்ட நாடுகளில் இயங்குகிறது. உடம்பு சரியில்லாத பிள்ளையோடு வேற்றூரில் தவித்த லட்சக்கணக்கான குடும்பங்களுக்கு ஒரு கட்டிலும் ஒரு சமையலறையும் அது கொடுத்திருக்கிறது. இதில் கிண்டலுக்கு இடமில்லை.

ஆனால் அதன் பணத்தில் பெரும்பகுதி பொதுமக்களும் மற்ற நன்கொடையாளர்களும் தருவது. நன்றி முழுக்கப் போய்ச் சேருவதோ அந்த ஒரு பெயருக்கு. கோமாளியைக் குறை சொல்ல யார் வாயைத் திறந்தாலும் எதிரில் ஒரு கேன்சர் வார்டு வந்து நிற்கும். எந்த விளம்பர ஏஜென்சியும் யோசித்துக் கண்டுபிடிக்க முடியாத கவசம் அது. யாரும் திட்டமிட்டு வைத்த கவசம் என்றும் நான் சொல்லமாட்டேன். ஆனால் அது கவசமாகப் பயன்பட்டது.

எப்படி என்று பாருங்க. குழந்தைகளின் உடல் பருமன் அமெரிக்காவில் பெரிய பேச்சானபோது, 2010-ல் 'கார்ப்பரேட் அக்கவுன்டபிலிட்டி இன்டர்நேஷனல்' என்ற அமைப்பு ரொனால்டை ஓய்வுபெறச் சொல்லி இயக்கம் தொடங்கியது. 2011 மே மாதம் 550-க்கும் மேற்பட்ட மருத்துவர்களும் சுகாதார அமைப்புகளும் கையெழுத்திட்ட கடிதம் பத்திரிகைகளில் வெளியானது. பங்குதாரர் கூட்டத்தில் அப்போதைய தலைமை நிர்வாகி ஜிம் ஸ்கின்னர் அசைந்துகொடுக்கவில்லை. ரொனால்ட் நல்ல காரியங்களின் தூதர், அவர் எங்கேயும் போகப்போவதில்லை என்பதுதான் பதிலின் சாரம்.

சான் ஃபிரான்சிஸ்கோ நகரம் இன்னொரு பக்கம் முயற்சி செய்தது. குறிப்பிட்ட சத்து அளவுகளுக்குள் வராத குழந்தை உணவோடு இலவச பொம்மை தரக் கூடாது என்று சட்டம் போட்டது. 2011 டிசம்பர் 1-ம் தேதி அது அமலுக்கு வந்தது. மெக்டொனால்ட்ஸ் என்ன செய்தது தெரியுமா? இலவசம்தானே கூடாது, சரி, பொம்மைக்கு 10 சென்ட் என்று விலை வைத்தது. அந்த 10 சென்ட் யாருக்கு? ரொனால்ட் மெக்டொனால்ட் ஹவுஸுக்கு. சட்டம் போட்டவர்கள் எதிர்த்துப் பேசட்டும் பார்க்கலாம்!

அப்புறம் எப்படிக் காணாமல் போனார்?

டாக்டர்களால் முடியாததைப் பேய்கள் முடித்துவைத்தன.

கோமாளி என்றாலே சிரிப்பு என்றிருந்த காலம் எப்போதோ மலையேறிவிட்டது. ஸ்டீபன் கிங்கின் 'இட்' நாவல் 1986-லும், அதன் டி.வி வடிவம் 1990-லும் வந்தன. அதற்குப் பிறகு ஒரு தலைமுறைக்குக் கோமாளி என்றால் சாக்கடைக்குள் இருந்து பார்க்கிற கண்கள். 2014-ல் ரொனால்டுக்கு கார்கோ பேன்ட், மஞ்சள் வெஸ்ட் எல்லாம் மாட்டி, ட்விட்டருக்கு அனுப்பிப் பார்த்தார்கள். நெட்டில் கலாய்த்து எடுத்துவிட்டார்கள். 2016-ல் அமெரிக்காவில் ஊருக்கு ஊர் யாரோ கோமாளி வேஷத்தில் ராத்திரியில் நின்று மக்களைப் பயமுறுத்துவதாகப் புகார்கள் கிளம்பின. பள்ளிகள் எச்சரிக்கை விட்டன. அந்த அக்டோபரில், ரொனால்ட் பொது இடங்களில் தோன்றுவதைக் குறைத்துக்கொள்கிறோம் என்று கம்பெனி அறிவித்தது. 2017-ல் 'இட்' படம் வந்தபோது ஜெர்மனியில் பர்கர் கிங் அதன் முடிவில் திரையில் ஒரு வரியைக் காட்டியது. கோமாளியை நம்பாதே என்று பொருள்பட, பக்கத்தில் தன் லோகோவோடு. போட்டிக் கம்பெனியே உன் மாஸ்கட்டைப் பேயாக்கிச் சிரித்த பிறகு என்ன மிச்சம்?

அதிகாரபூர்வமாக ஓய்வு அறிவிப்பு எதுவும் வரவில்லை. மெதுவாக விளம்பரங்களில் இருந்து நழுவிவிட்டார். அவ்வளவுதான்.

ஆனால் பயம் மட்டும்தான் காரணமா? எனக்கு அப்படித் தோன்றவில்லை. ரொனால்ட் சனிக்கிழமை காலை கார்ட்டூனுக்காகச் செய்யப்பட்ட ஆள். ஒரே நேரத்தில் நாட்டுக் குழந்தைகள் எல்லாம் ஒரே சேனல் முன்னால் உட்கார்ந்திருந்த காலத்தின் ஆள். அந்தக் காலம் முடிந்துவிட்டது. அதைவிட முக்கியம், அந்தக் குழந்தைகள் வளர்ந்துவிட்டார்கள். இப்போது பாக்கெட்டில் சொந்தக் காசு இருக்கிறது. கையில் போன் இருக்கிறது.

2022 அக்டோபரில் கம்பெனி ஒரு காரியம் செய்தது. பெரியவர்களுக்கான ஹேப்பி மீல் மாதிரி ஒரு பெட்டி. 'காக்டஸ் பிளான்ட் ஃபிளீ மார்க்கெட்' என்ற ஸ்ட்ரீட்வேர் பிராண்டோடு சேர்ந்து, உள்ளே கிரிமேஸ், ஹாம்பர்க்ளர் பொம்மைகள், ஒவ்வொன்றுக்கும் நாலு கண். முப்பது வயதுக்காரர்கள் பொம்மைக்காகக் கடைக்கு வந்தார்கள். அடுத்த வருஷம் கிரிமேஸுக்குப் பிறந்தநாள் வந்துவிட்டது.

ஊதாவுக்கு ஏன் மவுசு?

ஏன் கிரிமேஸ், ஏன் ரொனால்ட் இல்லை? யோசித்துப் பார்த்தால் பதில் சுவாரஸ்யமானது. ரொனால்டுக்கு எல்லாம் எழுதி முடிக்கப்பட்டுவிட்டது. சிரிப்பு, குரல், கொள்கை, தொண்டு. நமக்கு அங்கே செய்ய ஒன்றும் இல்லை, பார்த்துக் கைதட்டலாம். கிரிமேஸோ ஒரு காலி மூட்டை. அவன் என்ன ஜீவன் என்று கம்பெனிக்கே ஒரு முடிவு இல்லை. ஒருமுறை மில்க்‌ஷேக்கின் உருவம் என்றார்கள். கனடாவில் ஒரு மேனேஜர், அவன் நாக்கின் சுவை மொட்டு என்றார். ஊதாவாக, அசடாக, பேசாமல் நிற்கிற அந்த உருவத்துக்குள் யார் வேண்டுமானாலும் எதை வேண்டுமானாலும் போட்டு நிரப்பலாம். 2009 ஐ.பி.எல் நேரத்தில் வந்த ஜூஜூக்கள் ஞாபகம் இருக்கா? கிட்டத்தட்ட அதே வெற்று முகம். ஆனால் ஜூஜூ கதைகளை ஏஜென்சி எழுதியது. கிரிமேஸ் கதையை நாம் எழுதினோம்.

பையன்கள் செத்து விழுகிற வீடியோ கம்பெனி போட்ட திட்டமில்லை. அதை அவர்களே பிறகு சொன்னார்கள். இதுதான் நான் மிரண்ட இடம். பழைய கணக்கில், உன் புது ஷேக்கைக் குடித்து ஒருத்தன் செத்துப்போகிற மாதிரி வீடியோ வந்தால் வக்கீல் நோட்டீஸ் பறக்கும். இந்தத் தடவை வக்கீலைத் தூங்கவிட்டுவிட்டு, அந்த டிரெண்டைப் பார்க்காத மாதிரி நடிக்கிற கிரிமேஸ் படத்தைக் கம்பெனியே ட்வீட் செய்தது. நம்ம கலாய்ப்பும் அவங்களுக்கு சரக்கு ஆகிவிட்டது.

கணக்கு வந்தது ஜூலை கடைசியில். அந்தக் காலாண்டில் அமெரிக்காவில் ஏற்கெனவே இருக்கிற கடைகளின் விற்பனை முந்தைய வருஷத்தைவிட 10.3 சதவிகிதம் கூடியிருந்தது. விலையை ஏற்றியதும் அதில் ஒரு பங்கு, அதையும் சொல்லிவிட வேண்டும். ஆனால் முதலீட்டாளர்களுடன் பேசும்போது தலைமை நிர்வாகி கிறிஸ் கெம்ப்ஸின்ஸ்கி, இந்தக் காலாண்டின் நாயகனே கிரிமேஸ்தான் என்கிற தொனியில் பேசினார். ஒரு காலத்தில் இரண்டு கையை வெட்டி ஓரமாக உட்கார வைத்த வில்லன்!

2024 ஜூன் 12-ம் தேதி கிரிமேஸ் நியூயார்க் மெட்ஸ் பேஸ்பால் டீமின் மைதானத்தில் முதல் பந்தை வீசினான். தடுமாறிக்கொண்டிருந்த மெட்ஸ் அன்றிலிருந்து வரிசையாக ஏழு மேட்ச் ஜெயித்தது. ரசிகர்கள் ஊதா டிரஸ்ஸில் வரத் தொடங்கினார்கள். மைதானத்தில் கிரிமேஸுக்கு என்று ஓர் ஊதா இருக்கையே போட்டுவிட்டார்கள். ராசி பார்ப்பதில் நம்மை மிஞ்ச ஆளில்லை என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

சட்டம் தேடுவது யாரை?

இப்போது சட்டத்தின் பக்கம் வருவோம். அங்கேதான் விஷயம் சீரியஸ் ஆகிறது.

கனடாவின் கியூபெக் மாகாணம் 1980-லேயே 13 வயதுக்கு உட்பட்டவர்களைக் குறிவைக்கும் வணிக விளம்பரங்களுக்குத் தடை போட்டுவிட்டது. சிலி 2016-ல் இன்னும் நேரடியாக மாஸ்கட்டின் கழுத்தில் கை வைத்தது. சர்க்கரை, உப்பு, கொழுப்பு, கலோரி எல்லை தாண்டிய பாக்கெட் உணவுகளில் குழந்தைகளை இழுக்கும் கார்ட்டூன் உருவங்களே கூடாது என்றது. கெல்லாக்ஸ் டப்பாவில் இருந்து டோனி புலி காணாமல் போனது இப்படித்தான்.

பிரிட்டனில் 2026 ஜனவரி 5 முதல் புது விதி. கொழுப்பு, உப்பு, சர்க்கரை அதிகமுள்ள உணவுகளுக்கு டி.வி-யில் இரவு 9 மணிக்கு முன் விளம்பரம் கூடாது. ஆன்லைனில் காசு கொடுத்துப் போடும் விளம்பரம் எந்த நேரத்திலும் கூடாது. கேட்கக் கடுமையாக இருக்கிறது அல்லவா? இரண்டு இடத்தில் உற்றுப் பாருங்க.

ஒன்று, குறிப்பிட்ட பண்டத்தைக் காட்டாமல் பிராண்டை மட்டும் காட்டினால் விலக்கு உண்டு. அறுபது வருஷமாக மாஸ்கட் செய்து வந்த வேலையே பர்கரைக் காட்டாமல் பர்கரை நினைக்க வைப்பதுதானே! அந்த விலக்கை எந்தக் கம்பெனி எப்படிப் பயன்படுத்தப் போகிறது என்று வேடிக்கை பார்க்க வேண்டியதுதான்.

இரண்டாவது, ஆன்லைனில் தடை என்பது காசு கொடுத்துப் போடும் விளம்பரத்துக்கு. ஊதா ஷேக்கைக் குடித்துவிட்டு விழுந்த பையனுக்கு யார் காசு கொடுத்தார்கள்? அவன் விளம்பரதாரர் இல்லை. அவனை ஷேர் பண்ணின நானும் இல்லை. சட்டத்தின் கண்ணில் அங்கே விளம்பரமே நடக்கவில்லை.

கோமாளியிடம் ஒரு நேர்மை இருந்தது என்று இப்போது படுகிறது. சிவப்பு மூக்கோடு, பட்டப்பகலில், கம்பெனி பேரைச் சுமந்துகொண்டு நின்றார். "இவர்தான் விற்கிறார்" என்று அம்மா கை காட்டலாம். டாக்டர்கள் கடிதம் எழுதலாம். நகர சபை சட்டம் போடலாம். இப்போது கை காட்ட ஆள் இல்லை. கை காட்டினால் அது நம் பக்கமே திரும்புகிறது.

நம் நாட்டிலும் விதிகள் உண்டு. பள்ளிகளிலும் பள்ளி வாசலில் இருந்து 50 மீட்டருக்குள்ளும் கொழுப்பு, உப்பு, சர்க்கரை மிகுந்த உணவுகளை விற்கவோ விளம்பரம் செய்யவோ கூடாது என்று எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ 2020-ல் விதி கொண்டுவந்தது. சிறுவர் நிகழ்ச்சிகளிலும் சிறுவர்களுக்கென்றே உள்ள சேனல்களிலும் ஜங்க் ஃபுட் விளம்பரம் வரக் கூடாது என்று மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022-ல் வழிகாட்டுதல் வெளியிட்டது.

குடும்ப குரூப்பில் நான் அந்த வீடியோவைப் போட்ட வாரம், அக்கா வீட்டுக்குப் போயிருந்தேன். அக்கா பையனுக்கு அப்போது நாலு வயசு. "சித்தி, அந்த ஊதா குண்டுப் பையன் வீடியோ போடு சித்தி" என்றான். போட்டேன். மறுபடியும் என்றான். மறுபடியும் போட்டேன். "அவன் வீடு எங்க இருக்கு? நாம போலாமா?" என்று கேட்டான். கிரிமேஸ் என்ற பெயரை இரண்டே தடவையில் தப்பில்லாமல் சொல்லக் கற்றுக்கொண்டான். அவன் பார்த்தது சிறுவர் சேனல் இல்லை. பள்ளியில் இருந்து 50 மீட்டருக்குள்ளும் இல்லை. என் மடியில் உட்கார்ந்து, என் போனில் பார்த்தான்.